காம்புக்குப் போறம் எண்டு அம்மாவுக்குச் சொல்லக்கூடாது

ரொறொன்ரோவுக்குப் போய் இரண்டாவது கோடை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, "சனி ஞாயிறு எனக்கு எடுக்காதேங்கோ, லைன் கிடைக்காது, நாங்கள் காம்புக்குப் போறம்" என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன். பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஆர் வந்து பிடிச்சுக்கொண்டு போறாங்கள்?"

அது 2010. சண்டை முடியச் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து எங்கள் சொந்தக்காரர் சிலர் வெளியே வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காதுக்குக் காம்ப் என்றால் இரண்டுதான், ஒன்று ஆமிக் காம்ப், மற்றது அகதிக் காம்ப். காசு கட்டி, லீவு எடுத்து, சிரித்துக்கொண்டு போகிற மூன்றாவது வகை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கே ஸ்காபரோவுக்கு வந்த பிறகுதான் தெரியும். காடு, ஏரி, கூடாரம், ஓரிரவுக்கு ஐம்பது டொலர் அளவில் என்று விளங்கப்படுத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வீட்டு வாடகையும் குடுத்துப்போட்டு வெறும் நிலத்திலை படுக்கிறதுக்கும் காசு குடுக்கிறியளோ?" என்றார். இதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

பதினைந்து வருடம் அங்கே இருந்துவிட்டு, இப்போது கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணையின் பிள்ளைகள் இரண்டு பேரும் ரியூசன் முடிந்து சைக்கிளைச் சாத்தின கையோடு என்னிடம் வந்துவிடுவார்கள். கனடாவில் நான் எத்தனை வேலை மாறினேன், பனியில் எத்தனை தரம் விழுந்தேன் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். "சித்தப்பா, கரடிக் கதை" என்பார்கள். கரடிக்கு முன்னால் ரக்கூனைச் சொல்ல வேண்டும், அதற்கும் முன்னால் எங்கள் மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் பயணம் அல்கோங்குவின் பூங்காவுக்கு. பூங்கா என்றதும் யாழ்ப்பாண ரவுனில் இருக்கிற சுப்பிரமணியம் பூங்காவை நினைக்க வேண்டாம். 1893இல் ஒதுக்கின காடு அது, ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் வரும், அதாவது எங்கள் யாழ் மாவட்டத்தை ஏழு தரம் வைத்தாலும் மிச்சம் இருக்கும். கோடையில் அங்கே இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. ஐந்து மாதத்துக்கு முதலே, காலை ஏழு மணிக்கு, கணினிக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு எழும்பினவனுக்குக் கழிவறைக்குப் பக்கத்து இடம்தான் மிஞ்சும். எங்களுக்கு அதுதான் கிடைத்தது.

நாங்கள் ஆறு பொடியள், இரண்டு வான். ஆறு பேருக்கு எதற்கு இரண்டு வான் என்று கேட்டால், மற்றதில் சாமான். சோறு அவிக்கிற றைஸ் குக்கர், அம்மி இல்லை என்ற குறைக்கு மிக்ஸி, பத்துக் கிலோ கோழி, ஒரு பெட்டி முட்டை, ஆளுக்கொரு தலையணை. போய் இறங்கின உடனே குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு பிளக் தேடினான் ஒருவன். மின்சாரம் உள்ள இடங்களும் இருக்கின்றன, ஆனால் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. மூன்று கல்லு வைத்துச் சட்டியில் அவித்தோம். எரிந்த பக்கம் தீய்ந்து, எரியாத பக்கம் அரிசியாகவே இருந்தது. பக்கத்து இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் சின்ன அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு பையைப் பிரித்து ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டார்கள். நாங்கள் பத்தரைக்கும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் தந்த கடதாசியில் மணக்கிற ஒன்றையும் வெளியே வைக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. சாப்பாடு மட்டும் இல்லை, பற்பசை, சவர்க்காரம், சட்டி, குப்பைப் பை எல்லாவற்றையும் வாகனத்துக்குள் வைத்துப் பூட்ட வேண்டும், கூடாரத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகக்கூடாது. ஒருவரும் வாசிக்கவில்லை. ஊறப்போட்ட கோழி இருந்த ஐஸ் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தோம்.

சாமம் ஒரு மணிபோல் தகரம் உருளுகிற சத்தம். ரோச்சை அடித்தால் மேசைக்கு மேலே மூன்று ரக்கூன். முகமூடி போட்ட கள்ளன் மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அந்த முகம் நினைவில் நிற்கவில்லை, கைதான் நிற்கிறது. ஐந்து விரலும் மனிதக் குழந்தையின் விரல் மாதிரி நீளம். ஐஸ் பெட்டியின் கொளுக்கியை எங்களில் ஒருவனுக்கே திறக்கத் தெரியவில்லை, அது இரண்டு கையாலும் தடவிப் பார்த்துத் திறந்துவிட்டது. வெளிச்சத்தைக் கண்டு ஓடவும் இல்லை. ஒன்று கோழிக்காலைக் கையில் பிடித்தபடி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. விடிய எழும்பிப் பார்த்தால், மிருசுவிலில் இருந்து ஒருவனின் மாமி இடித்து அனுப்பின மிளகாய்த்தூள் பை கிழிந்து கிடக்கிறது. நீலத் தறப்பாள் முழுக்கச் சிவப்புக் காலடி. அங்குமிங்கும் திரிந்து, கடைசியில் ஏரிப் பக்கம் நேரே போயிருந்தது. தண்ணி குடிக்க ஓடியிருக்க வேண்டும், பாவம். யாழ்ப்பாணத்துத் தூள் அப்படி.

காலையில் பூங்கா உத்தியோகத்தர் வந்து அதைப் பார்த்தார். தண்டம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ரக்கூன் வந்தது உங்கள் அதிர்ஷ்டம், கரடி வந்திருந்தால் கதை வேறு என்றார். கரடி உங்களைக் கடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, இங்கே சாப்பாடு கிடைக்கும் என்று ஒருமுறை பழகிவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டுக்கு வேலி போடாமல் விட்டுவிட்டு, வந்து மேய்ந்த மாட்டுக்கு அடிக்கிற கதைதான். அன்றைக்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் பற்பசைக்கே ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார்.

சரி, கரடி. இது நாலைந்து வருடம் கழித்து, ஓகஸ்ட் மாதம். இரண்டு பேர் வள்ளம் வலித்துப் போய், ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு வள்ளத்தைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு காட்டுப் பாதையால் நடந்தோம். தலைக்கு மேலே வள்ளம் இருந்தால் முன்னுக்குப் பத்தடிதான் தெரியும். முன்னால் போன சிநேகிதன் திடீரென்று நின்றான். மெதுவாக வள்ளத்தை இறக்கினோம். முப்பது யார் தூரத்தில், பாறைச் சரிவில், ஒரு கறுப்புக் கரடி குந்தியிருந்தது.

அது நீலப் பெரி தின்றுகொண்டிருந்தது. கொப்பை முன்னங்காலால் வளைத்துப் பிடித்து, சொண்டால் அப்படியே உருவி எடுக்கிறது. அம்மா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவுவார் இல்லையா, அதே வேகம், அதே பொறுமை. இலை மிஞ்சும், பழம் போய்விடும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றோமோ தெரியாது. பிறகு காற்றுத் திரும்பியது போல, அது மூக்கைத் தூக்கியது.

கறுப்புக் கரடியைக் கண்டால் ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது, மரத்தில் ஏறக்கூடாது, அது உங்களை விட நன்றாக ஏறும். சாந்தமான குரலில் ஏதாவது கதைத்துக்கொண்டு, பின்பக்கமாக மெல்ல மெல்ல நகர வேண்டும். வருகிறது மனிதர்தான் என்று அதற்குத் தெரிந்தால் பெரும்பாலும் தானே விலகிப் போகும். இதெல்லாம் எங்களுக்குப் பாடம். எந்த மொழியில் கதைக்க வேண்டும் என்று மட்டும் ஒரு பலகையிலும் எழுதவில்லை. சிநேகிதன் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, "மாத்தயா, அப்பி யனவா... அப்பி யனவா மாத்தயா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தான்.

ஐயா, நாங்கள் போறம். சிங்களத்தில். அவன் கனடாவுக்கு வந்து அப்போது ஒன்பது வருடம். வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலம், கனவில் என்னவோ. ஆனால் பெரிய உடம்பு ஒன்று பாதையை மறித்துக்கொண்டு நின்றவுடன் நாக்கு நேரே ஊரில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப் பொயின்ருக்குப் போய்விட்டது. கரடி எங்களைப் பார்த்தது, ஒரு மூச்சு விட்டது, இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் வள்ளத்தின் மேல் இருந்து சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு நொந்தது. பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் பிடிக்கும், சின்னவன் மாத்தயா மாத்தயா என்று விறாந்தையில் பின்னுக்கு நடந்து காட்டுவான். அண்ணை மட்டும் இந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

மூஸ் பற்றிச் சொன்னால் சித்தப்பாவுக்கு, அதாவது என்னுடைய சித்தப்பாவுக்கு, நம்பிக்கை வராது. "மரைதானே?" என்பார். வன்னியில் மரை பார்த்தவர் அவர். மரைதான் சித்தப்பா, ஆனால் குதிரையை விட உயரம், கடா என்றால் ஐந்நூறு கிலோவும் வரும் என்றால், "நீ அங்கை போய் அளக்கப் பழகிட்டாய்" என்பார். மே மாதத்தில் போனால் பூங்காவுக்குள் போகிற அறுபதாம் இலக்க நெடுஞ்சாலை ஓரத்திலேயே விடியக் கருக்கலில் நிற்கும். புல்லுக்காக இல்லை, உப்புக்காக. பனிக்காலம் முழுக்க ஐஸ் உருகட்டும் என்று தெருவுக்கு உப்புப் போடுவார்கள், பனி கரைய அது வழிந்து வாய்க்காலில் தேங்கும். குளிர்காலம் முழுக்கச் சுள்ளி தின்று உப்புச் சத்துக் குறைந்துபோன மூஸ் அந்த ஊத்தைத் தண்ணீரை முழங்கால் மடித்து நின்று உறிஞ்சும். அந்த மாதத்தில் இரவில் வாகனம் ஓடுவது ஆபத்து. கால் நெடுகல், அடிபட்டால் உடம்பு முழுக்கக் கண்ணாடியில்தான் வந்து விழும், நிறமும் இருட்டோடு இருட்டு.

உப்பைத் தேடி மிருகம் தெருவுக்கு வருகிறது என்றதும் சித்தப்பா சமாதானமாகிவிட்டார். ஆனையிறவில் உப்பளம் இருக்கிறது, பெயரில் ஆனையும் இருக்கிறது, ஆனைதான் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை அந்தக் களப்பைக் கடத்திக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றினார்களாம். ஏ9 வீதியில் இப்போது இரவில் படுத்திருப்பது மாடுகள். "உங்கடை மூசுக்கு உப்பு, எங்கடை மாட்டுக்குத் தார்ச்சூடு" என்று சித்தப்பா முடித்துவைத்தார். அந்த மே மாதப் பயணத்தில் காதுக்குப் பின்னால் கறுப்பு இலையான் கடித்து இரத்தம் வழிந்ததை அவரிடம் சொல்லவில்லை. கடிக்கும்போது நோகாது, பிறகு ஒரு கிழமைக்கு வீங்கும். அதற்கு ஊர் நுளம்பு தெய்வம்.

ஓநாய்க் கதையைப் பிள்ளைகளுக்கு நான் பாதிதான் சொல்வேன். ஓகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில் அல்கோங்குவினில் ஒரு நிகழ்ச்சி, 1963இல் தொடங்கினது. முதல் நாள் இரவு உத்தியோகத்தர்கள் போய் ஓநாய்க் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தேடுவார்கள், கிடைத்தால்தான் அடுத்த நாள் நடக்கும். நூற்றுக்கணக்கான வாகனம் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்த் தெருவோரம் நிற்கும். எல்லா வெளிச்சமும் நிற்பாட்டி, எல்லாரும் இறங்கி, கதவைக்கூட அடித்துச் சாத்தாமல் நிற்பார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரு சத்தமும் இல்லாமல் இருட்டில் நிற்பதை நான் வேறு எங்கும் கண்டதில்லை, நல்லூரில்கூட. உத்தியோகத்தர் ஒருவர் வாயைக் குவித்து ஊளையிடுவார். பிறகு காத்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பதில் வந்தது. முதலில் ஒன்று, நீளமாக. பிறகு குட்டிகள், கீச்சுக் குரலில், ஒன்றன் மேல் ஒன்றாக. பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழாக்குறையாகச் சந்தோசப்பட்டார்கள். எனக்குக் கை தானாகப் போய் வானின் உள் விளக்கு நின்றிருக்கிறதா என்று தடவியது. ஊரில் இரவில் ஒழுங்கை முனையில் நாய் குரைக்கத் தொடங்கினால், அடுத்த வளவு நாய், அதற்கடுத்த வளவு நாய் என்று சத்தம் நடந்து வரும். சத்தம் எந்த வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்தில் ஆமி வருகிறது என்று அர்த்தம். "விளக்கை நூருங்கோ" என்பார் அப்பா. திரும்பிப் பார்த்தால் எங்களோடு வந்த ஆறு பேரும் வானோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமலே. குட்டிகள் ஓய்ந்த பிறகும் நாங்கள்தான் கடைசியாக வானுக்குள் ஏறினோம்.

அம்மா 2016 கோடையில் விசிற் விசாவில் வந்தார். ஜோர்ஜியன் குடாக் கரையில் உள்ள கில்பெயார் பூங்காவுக்குக் கூட்டிப்போக முடிவெடுத்தோம். காம்ப் என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்து, "கடற்கரை மாதிரி ஓர் இடம் அம்மா" என்றேன். வாசலிலேயே பாம்புப் படம் போட்ட பலகை. ஒன்ராறியோவில் விசமுள்ள பாம்பு ஒன்றே ஒன்றுதான், வாலில் கிலுகிலுப்பை வைத்திருக்கிற மசசாகா, அது அங்கே இருக்கிறது. கண்டால் அடிக்கக்கூடாது, சட்டப்படி குற்றம், உத்தியோகத்தருக்குச் சொன்னால் வந்து பிடித்துக்கொண்டுபோய் அப்பால் விடுவார்கள். "பாம்புக்கு ரான்ஸ்போட்டோ?" என்றார் அம்மா. புடையனும் சுருட்டையும் நாகமும் உள்ள ஊரில் மண்வெட்டியோடு வளர்ந்தவர். ஆனால் அந்த மூன்று நாளும் கழிவறைக்குப் போகிற இருட்டுப் பாதையில் நிலம் அதிரக் காலைத் தட்டித் தட்டி நடந்தது எங்களில் அவர் ஒருவர்தான், அதுதான் செய்ய வேண்டிய சரியான வேலையும்.

படுக்கிறதுக்கு முதல் வழமைபோல் மணக்கிற சாமான் சோதனை. எல்லாருடைய பையும் பார்த்தாயிற்று. அம்மாவின் கைப்பையைக் கேட்டேன், தரமாட்டேன் என்றார். தலைக்கு வைத்துப் படுக்க வேண்டுமாம். கரடி வரும் அம்மா என்று கெஞ்சி வாங்கித் திறந்தால், பாஸ்போட், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீன் பையில் சுற்றி, இரண்டு காப்பு, பிறகு ஒரு முழுப் பக்கற் மலிபன் கிறீம் கிறாக்கர். கொழும்பில் விமானம் ஏறும்போது கொண்டுவந்தது.

"இதென்னத்துக்கு அம்மா?"

"கூடாரத்துக்குப் போறதெண்டால் பிஸ்கற் இல்லாமலோ?"

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்றைக்கு, நாவற்குழிப் பக்கம் அந்தச் சனத்துக்குள் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழை. செம்மணி வெளியில் நகர இடம் இல்லை. அம்மாவின் தோளில் இதே மாதிரி ஒரு பை, பிஸ்கற்றை அரைவாசி அரைவாசியாக உடைத்துத் தந்துகொண்டு வந்தார். பிறகு தென்மராட்சியில் ஒரு தென்னங்காணிக்குள் தறப்பாளுக்குக் கீழே ஆறு மாதம். கில்பெயாரில் நான் பிஸ்கற்றை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் வானுக்குள் வைத்துப் பூட்டினேன். பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு மணிபோல் மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, குடாப் பக்கமிருந்து காற்றோடு வந்து அடிக்கிற மழை. எழும்பிப் பார்த்தால் அம்மாவின் படுக்கை வெறுமை. பதறி வெளியே வந்தேன். தலையில் குப்பைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, குந்தியிருந்து, அம்மா எங்கள் பெரிய கறி அகப்பையால் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். ஊசியிலைச் சருகை ஒதுக்கி, மணலை நாலு விரற்கடை ஆழத்துக்குக் கிண்டி, சரிவுப் பக்கமாக ஒரு வாயும் திறந்துவிட்டிருந்தார். அதுவரை கூடாரத்தின் விளிம்பில் நின்ற தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே அந்த வாயால் ஓடத் தொடங்கியது. "இஞ்சை நிலத்தைக் கிண்டக்கூடாதாம் அம்மா" என்றேன். "நனைஞ்சு படுக்கச் சொல்லியும் சட்டமோ?" என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கத்துக்கு நகர்ந்தார். பக்கத்து இடங்களில் ஆட்கள் ஒவ்வொருவராக நனைந்த படுக்கைகளோடு காருக்குள் ஏறினார்கள். நாங்கள் விடியும்வரை காய்ந்தபடி படுத்தோம்.

காலையில் உத்தியோகத்தர், ஒரு சின்னப் பெட்டை, வாய்க்காலைப் பார்த்துவிட்டு யார் வெட்டியது என்று கேட்டார். அம்மா ஆங்கிலம் விளங்காத முகத்தை வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஆற்றினார். அந்த முகமும் சென்றியில் பழகினதுதான். போகும்போது மூடிவிட்டுப் போங்கள் என்றார் அந்தப் பிள்ளை. மூன்றாம் நாள் அம்மா மணலைத் தள்ளி மூடி, மேலே சருகும் பரப்பி, ஒருவரும் இருந்த அடையாளம் இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் வானில் ஏறினார்.

போன மாதம் பிள்ளைகளைச் சுண்டிக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே கூடாரம் அடிக்கவில்லை, பகலில் போய் வந்தோம். 1938இலிருந்து பறவைச் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பூநாரை கண்டோம், தூரத்தில், களப்பு விளிம்பில் மங்கல் இளஞ்சிவப்புக் கோடு மாதிரி. கிட்டப் போகப் போக அந்தக் கோடும் தள்ளிப் போனது. "கரடி எண்டால் கிட்ட வரும், என்ன சித்தப்பா?" என்றான் சின்னவன். வந்த வழியெல்லாம் ஒரே நச்சரிப்பு, கூடாரம் எப்ப, கூடாரம் எப்ப.

நேற்று வளவுக்குள் மாமரத்துக்குக் கீழே அடித்துக் கொடுத்தேன், கனடாவிலிருந்து கொண்டுவந்த அதே கூடாரம். கார்த்திகை மாதம், வடக்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் விதிப்படி பற்பசையைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இங்கே வருகிறதென்றால் ஓட்டுக்கு மேலே ஓடுகிற மரநாய்தான் வரும், ஆனாலும் விதி விதிதான். அம்மாவை நீங்களும் வாங்கோ என்று கூப்பிட்டார்கள். "நான் கூடாரத்துக்குள்ளை படுத்தது காணும்" என்று சொல்லிவிட்டு அம்மா பின்பக்கம் போனார். கிணத்தடியில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, சீலையை இடுப்பில் செருகி, தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருதரம் வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் அங்காலை தள்ளி நில்லுங்கோ."